படகு எஞ்சினின் தண்ணீர்ப் பம்பும் அடைக்கப்பட்ட ஒரு துளையும்

எஞ்சின் வைத்த படகின் அடியில் தண்ணீர் தேங்குகிறது என்றால், அது வருவதற்குப் பெரும்பாலும் நான்கு வழிகள்தான் உண்டு: மேலிருந்து விழுந்த மழைத் தண்ணீர், படகின் உடலில் விட்ட விரிசல், புரொப்பெல்லரின் ஷாஃப்ட் உடலைத் துளைத்துக்கொண்டு வெளியேறும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கும் கிளாண்ட் என்ற அடைப்பு, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர். இவற்றுள் முதல் மூன்றும் படகு துறையில் சும்மா கட்டிக் கிடக்கும்போதும் வரக்கூடியவை. நான்காவது மட்டும் பெரும்பாலும் எஞ்சின் ஓடும்போதுதான் வரும். ஆகவே இரவு முழுவதும் கட்டிக் கிடந்த படகின் அடி காய்ந்திருந்து, அக்கரைக்குப் போய்த் திரும்பியதும் தண்ணீர் நிற்குமானால், படகின் உடலைச் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருப்பது வீண் வேலை. எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும்.

காவிரியில், நெரிஞ்சிப்பேட்டைப் பக்கம் ஒருவர் வைத்திருக்கும் படகில் அண்மையில் இந்தக் கோளாறு வந்தது. மேட்டூர் அணைக்குக் கீழே ஆற்றின் குறுக்கே 30 மெகாவாட் மின் நிலையங்களுடன் கதவணைகள் கட்டப்பட்ட பிறகு, ஆறாக ஓடிய நீர் பல இடங்களில் ஏரிபோல் விரிந்து நிற்கிறது. அதனால் இந்தக் கரை ஈரோடு மாவட்டத்திலிருந்து அந்தக் கரை சேலம் மாவட்டத்துக்குப் போக மோட்டார் படகு இங்கே பழகிய வண்டி. எனக்குப் படகு தொழில் அல்ல; பவானியில் கிணற்றுப் பம்புகளைப் பழுது பார்ப்பவன் நான். ஆனால் எஞ்சினுக்குள் தண்ணீர் ஏற்றுவதும் ஒரு பம்புதான் என்பதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“ஏனுங் தம்பி, ஒரு நாளைக்கு ரெண்டு பக்கெட்டு தண்ணி மோந்து ஊத்தறனுங்க. எங்கிருந்து வருதுன்னே தெரியலீங்” என்றார் படகுக்காரர். “நின்னா வருதுங்களா, ஓடுனா வருதுங்களாண்ணா?” என்று கேட்டேன். “ஓடுனாத்தானுங்” என்றார். பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

அந்த எஞ்சின் கடற்கரை ஊரிலிருந்து பழையதாக வாங்கி வந்தது. கடலில் மீன்பிடிப் படகில் ஓடிய நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். இதில் இரண்டு தண்ணீர்ச் சுற்றுகள் உண்டு என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒன்று, எஞ்சின் பிளாக்குக்குள்ளேயே சுற்றி வரும் கூலன்ட். இது லாரி எஞ்சினில் இருப்பதைப் போன்றதே, மூடியிட்ட தொட்டியும் தெர்மோஸ்டாட்டும் கொண்டது. மற்றொன்று, ஆற்றிலிருந்து உறிஞ்சப்பட்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய்களுக்குள் ஓடி, கூலன்ட்டின் சூட்டை வாங்கிக்கொண்டு, புகைக் குழாய் வழியாகப் புகையோடு சேர்ந்து வெளியேறும் ஆற்றுத் தண்ணீர். லாரியில் ரேடியேட்டரும் காற்றும் செய்யும் வேலையை இங்கே ஆற்றுத் தண்ணீர் செய்கிறது. இரண்டு தண்ணீரும் ஒன்றையொன்று தொடாமல் செம்பு உலோகக் குழாய்களின் மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடுகின்றன.

எனவே ஒழுகுவது எந்தத் தண்ணீர் என்பதே முதல் கேள்வி. கூலன்ட் என்றால் பச்சையோ சிவப்போ நிறம் இருக்கும், விரலில் தேய்த்தால் வழுவழுக்கும், காய்ந்த இடத்தில் நிறமுள்ள பொருக்கு படியும். ஆற்றுத் தண்ணீர் காய்ந்தால் மங்கிய வண்டல் கறை மட்டும் நிற்கும். சிலர் நாக்கில் வைத்து இனிக்கிறதா என்று பார்ப்பார்கள். அதை யாரும் செய்ய வேண்டாம். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருந்தாலும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. படகின் அடியில் நின்ற தண்ணீரை வெள்ளைத் துணியில் நனைத்துப் பார்த்ததில் நிறம் ஒன்றும் ஏறவில்லை. வந்தது ஆற்றுத் தண்ணீர். ஆனால் கூலன்ட் தொட்டியைத் திறந்தபோது அதிலும் மட்டம் குறைந்திருந்தது. இரண்டையும் ஒரே கோளாறு என்று முடிச்சுப் போட மனம் உடனே போகும். அப்படிப் போகவிடாமல், முதலில் ஆற்றுத் தண்ணீரை மட்டும் துரத்துவது என்று வைத்துக்கொண்டேன்.

ஒழுகும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. ஓடும் எஞ்சின் அதிரும். தண்ணீர் ஹோஸின் அடிப்பக்கமாக வழிந்து, ஒரு போல்ட் தலையில் தேங்கி, அங்கிருந்து சொட்டும். ஃப்ளைவீலுக்குப் பக்கத்தில் என்றால் நாற்புறமும் சிதறவும் செய்யும். ஆகவே எஞ்சினின் முன்பக்கம் முழுவதையும் டீசல் தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டு, சாக்பீஸ் பொடியை மெல்லத் தூவினோம். கீழே செய்தித்தாளை விரித்தோம். பிறகு எஞ்சினை ஓடவிட்டு டார்ச் அடித்துக்கொண்டு பார்த்தால், வெள்ளைப் பொடியின் மீது ஈரக்கோடு ஒன்று இறங்குவது தெளிவாகத் தெரிந்தது. அது ஆற்றுத் தண்ணீர்ப் பம்பின் உடலும், எஞ்சினின் முன்பக்கப் பல்சக்கரங்களை மூடும் டைமிங் கவரும் சேரும் இடத்திலிருந்து கிளம்பியது. அந்த இடத்தில் ஒழுகினால் ‘பேக்கிங் போயிருச்சு’ என்று சொல்லித்தான் யாரும் ஸ்பேனரை எடுப்பார்கள். ஆனால் சுழலும் பெல்ட்டுக்கும் விரலுக்கும் இடைவெளி விட்டு, பல் மருத்துவர் வைத்திருப்பது மாதிரியான சிறு கண்ணாடியைப் பம்புக்கு அடியில் நீட்டிப் பார்த்தபோது, பம்பு உடலின் கீழ்ப்புறத்தில் சாம்பல் நிறத்தில் எம்சீல் உருண்டை ஒன்று அழுத்தி ஒட்டப்பட்டிருந்தது தெரிந்தது.

அந்த உருண்டைதான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம்.

இந்த வகைப் பம்பின் உள்ளமைப்பு எளிது. ஒரு முனையில் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லர், மறு முனையில் எஞ்சினின் டைமிங் கியரிலிருந்து சுழற்சியை வாங்கும் பல்சக்கரம், நடுவில் பேரிங்குகள். இம்பெல்லர் பக்கத்துத் தண்ணீர் பேரிங்கை நோக்கி வராதபடி, ஷாஃப்ட்டை உதடுபோல் கவ்வும் ரப்பர் வளையமான ஒரு சீல். டைமிங் கவருக்குள் தெறிக்கும் ஆயில் தண்ணீர்ப் பக்கம் போகாதபடி இன்னொரு சீல். இந்த இரண்டு சீல்களுக்கும் நடுவே வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டு, அந்த இடைவெளியிலிருந்து கீழ்நோக்கி ஒரு துளை போட்டிருப்பார்கள். அது கசிவுத் துளை. மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு வழிகுழாய் வைப்பதைப் போல, உள்ளே ஏதோ தவறாகிவிட்டது என்பதை வெளியே இருப்பவருக்குக் காட்டுவதற்காகவே வைக்கப்பட்ட வாய் அது. துளையிலிருந்து தண்ணீர் வந்தால் தண்ணீர் சீல் தேய்ந்துவிட்டது. ஆயில் வந்தால் ஆயில் சீல் தேய்ந்துவிட்டது. இரண்டும் வந்தால் பம்பை உடனே இறக்க வேண்டும். இவ்வளவு வெளிப்படையாகத் தன் நோயைச் சொல்லும் பாகம் எஞ்சினில் வேறு இல்லை.

யாரோ ஒரு மெக்கானிக் அந்த வாயை அடைத்துவிட்டுப் போயிருந்தார். அவரை முழுக்கக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. நம் பக்கத்தில் பம்பு என்றால் கிணற்றுப் பம்பு. 1930-களில் பைகாரா மின்சாரம் கோவைக்கு வந்த காலத்திலிருந்து பம்பு செய்வதும் பம்பு பழுது பார்ப்பதும் இந்த ஊர்களின் கைத்தொழிலாகவே ஆகிவிட்டது. கிணற்று மேட்டில் வைக்கும் பழைய மோனோபிளாக்கிலும், எஞ்சின் பெல்ட்டில் ஓடும் பம்பிலும் ஷாஃப்ட்டைச் சுற்றித் திணிக்கும் கிளாண்ட் கயிறு போட்டிருப்பார்கள். அந்தக் கிளாண்ட் சொட்டுச் சொட்டாக ஒழுகத்தான் வேண்டும். ஒழுகாமல் இறுக்கினால் கயிறு கருகி ஷாஃப்ட்டைத் தின்றுவிடும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிளாண்டும் அதே இனம். ஆகவே பம்பிலிருந்து தண்ணீர் சொட்டுவது எங்கள் கண்ணுக்கு ஒரு குற்றமே அல்ல. கொஞ்சம் சொட்டினால் விட்டுவிடுவோம், அதிகமானால் இறுக்குவோம், இறுக்க ஒன்றும் இல்லையென்றால் அடைப்போம். உதட்டுச் சீல் வைத்த பம்புக்கு இந்தப் பழக்கம் பொருந்தாது. கிளாண்டில் சொட்டுவது ஆரோக்கியம்; கசிவுத் துளையில் சொட்டுவது நோய்.

துளையை அடைத்ததும் தண்ணீருக்கு என்ன ஆகும்? சீலைத் தாண்டி வருவது நிற்காது, இடைவெளியில் நிறையும். நிறைந்தபின் அது போக இரண்டே இடங்கள்தான். ஒன்று, பம்பும் டைமிங் கவரும் சேரும் பேக்கிங் வழியாக வெளியே; நாங்கள் பார்த்த ஈரக்கோடு அதுதான். மற்றொன்று, பேரிங்கையும் ஆயில் சீலையும் கடந்து நேராக எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள். ஆயில் சீலின் உதடு ஆயிலைத் தடுக்கும் திசையில் வைக்கப்பட்டது. பின்பக்கத்திலிருந்து வரும் தண்ணீரை அது அவ்வளவாகத் தடுக்காது. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தோம். ஆயில் வெளிறத் தொடங்கியிருந்தது. மட்டமும் இருக்க வேண்டிய கோட்டுக்குச் சற்று மேலே ஏறியிருந்தது. டீசல் எஞ்சினில் ஆயில் மட்டம் தானாக உயர்வதைக் கண்டு மகிழ்பவர் ஒருவரும் இருக்க முடியாது. சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட் போனாலும் இப்படி ஆகும் என்பதால் படகுக்காரர் முகம் வாடிவிட்டது. ஹெட்டை இறக்குவது என்றால் செலவு வேறு கணக்கு. ஆனால் கூலன்ட் தொட்டியில் குமிழி ஏதும் வரவில்லை, ஆயிலில் கூலன்ட்டின் நிறமும் இல்லை. பம்பை இறக்கும் வரை பொறுத்திருக்கலாம் என்றேன்.

பம்பை இறக்குவதில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை: ஆற்றுப் பக்கத்து வால்வை மூடு, இரண்டு ஹோஸ்களையும் கழற்று, போல்ட்டுகளை எடு. பட்டறைக்குக் கொண்டுவந்து முன்மூடியைத் திறந்து, இம்பெல்லரை இரண்டு பக்கமும் ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பாமல் இடுக்கியால் பிடித்து இழுத்து எடுத்தோம். இம்பெல்லரின் இதழ்கள் முழுதாக இருந்தன. ஓர் இதழ் அறுந்திருந்தால் அந்தத் துண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் போய் உட்கார்ந்திருக்கும். அதைத் தேடி எடுக்காமல் விடக் கூடாது. சர்க்ளிப்பைக் கழற்றி, ப்ரெஸ்ஸில் வைத்து ஷாஃப்ட்டைத் தள்ளியபோது, பேரிங்கிலிருந்து துருத் தண்ணீர் வழிந்தது. 6203 எண் பேரிங். 17 மில்லி மீட்டர் ஷாஃப்ட், 40 வெளிவட்டம், 12 அகலம். நம் ஊர் மோட்டார் கடைகளில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் எண். அதில் கவலை இல்லை.

கவலை ஷாஃப்ட்டில் இருந்தது. தண்ணீர் சீலின் உதடு உட்காரும் இடத்தில் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தது. கண்ணுக்கு அது மெருகு ஏறிய இடம்போலத்தான் இருக்கும். விரல் நகத்தை ஷாஃப்ட்டின் நீளவாக்கில் இழுத்தால் நகம் அந்த வளையத்தில் ‘டக்’கென்று விழுந்தது. மைக்ரோமீட்டரில் பக்கத்து இடம் 17 மில்லி மீட்டரும் பள்ளம் 16.7-ம் காட்டியது. மென்மையான ரப்பர் உதடு ஓர் எஃகுக் கம்பியை எப்படி இவ்வளவு தின்றது என்று படகுக்காரரின் மகன் வியந்தான். தின்றது ரப்பர் அல்ல. ரப்பரில் பதிந்த மணல். துறையில் ஆழம் குறையும் நாட்களில் படகு கரையை ஒட்டி வரும்போது பம்பு தண்ணீரோடு வண்டலையும் உறிஞ்சுகிறது. அந்த நுண்மணல் உதட்டுக்கு அடியில் நுழைந்து ரப்பரில் பதிந்துகொள்ளும். அதன்பின் அது சீல் அல்ல, எமரித் தாள்.

இங்கேதான் இந்த எஞ்சினின் பூர்விகத்தை நினைக்க வேண்டியிருந்தது. கடலில் ஓடும் பம்புக்கு உப்பைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகில் ஷாஃப்ட் செய்வார்கள். 316 வகை அதற்குப் பேர்போனது. ஆனால் அது மென்மையான எஃகு, சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்கவும் முடியாது. நம் ஆற்றில் உப்பு இல்லை, மணல் இருக்கிறது. ஆற்றில் ஓடும் ஷாஃப்ட்டுக்குத் துருவை ஓரளவு தாங்கும் குணம் போதும். தேய்மானத்தைத் தாங்கும் கடினம் அதைவிட முக்கியம். இதைக் கணக்கில் எடுக்காமல் புதுச் சீல் மட்டும் போட்டிருந்தால், உதடு பழைய பள்ளத்திலேயே போய் உட்கார்ந்து, விரைவில் மீண்டும் ஒழுகியிருக்கும். சீலை மாற்றினேன், திரும்பவும் ஒழுகுகிறது என்று வருகிறவர்களின் பம்புகளில் நான் முதலில் பார்ப்பது சீலை அல்ல, அது உட்கார்ந்த ஷாஃப்ட்டைத்தான்.

பள்ளம் விழுந்த ஷாஃப்ட்டுக்கு வழிகள் சில உண்டு. சீலுக்குப் பின்னால் மெல்லிய வளையம் ஒன்று வைத்து உதட்டை இரண்டு மில்லி மீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம். இந்தப் பம்பில் அதற்கு இடம் இல்லை. கால் மில்லி மீட்டர் அளவே தடிமன் கொண்ட எஃகு ஸ்லீவ்கள் இதற்கென்றே விற்கின்றன. பள்ளத்தின் மேல் ஏற்றிவிட்டால் புது மேற்பரப்பு கிடைக்கும். நல்ல வழி, ஆனால் தேவைப்பட்ட அளவு அப்போது கைக்குக் கிடைக்கவில்லை. வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைவது மூன்றாவது வழி. மெல்லிய ஷாஃப்ட் சூட்டில் வளைந்துபோகும், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடைசியில் புது ஷாஃப்ட்டே கடைந்துவிடுவது என்று தீர்மானித்து, கோவை கணபதிப் பக்கம் பழக்கமான ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். கடலே இல்லாத ஊரில் படகுப் பம்பின் ஷாஃப்ட்டை மாலைக்குள் கடைந்து வாங்க முடிகிறது என்பது கோவைக்கு மட்டும் வாய்த்த சௌகரியம்.

சூடேற்றிக் கடினமாக்கக்கூடிய 420 வகைத் துருப்பிடிக்காத எஃகில் கடைந்து, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 45 எச்.ஆர்.சி. வரை கடினமாக்கி, சீல் உட்காரும் இடத்தைக் கிரைண்டிங்கில் முடிக்கச் சொன்னேன். லேத்திலேயே பளபளப்பாக முடித்துத் தருவதாகப் பட்டறைக்காரர் சொன்னார். அதற்கு ஒப்பவில்லை. லேத்தின் உளி நகர்ந்துகொண்டே வெட்டுவதால், எவ்வளவு மெருகாகத் தெரிந்தாலும் ஷாஃப்ட்டின் மீது கண்ணுக்குத் தெரியாத திருகு மரை போன்ற கோடு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். ஷாஃப்ட் சுழலும்போது அந்தக் கோடு தண்ணீரைச் சீலுக்கு அடியில் திருகித் திருகி வெளியே தள்ளும். புதுச் சீல், புது ஷாஃப்ட், ஆனாலும் சொட்டும். கிரைண்டிங் சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் நேராக உள்ளே இறக்கி முடித்தால் இந்தக் கோடு விழாது. ஷாஃப்ட்டின் முனையைச் சரிவாகச் சாய்த்துக் கொடுக்கவும் வேண்டும். கூரான விளிம்பில் உரசினால் சீலின் உதடு பூட்டும்போதே கிழிந்துவிடும்.

சீல் வாங்கும்போதும் ஒரு சங்கதி உண்டு. 17, 30, 7 என்று அளவைச் சொன்னால் கடையில் கொடுப்பது சாதாரண ஆயில் சீல். அதன் உதட்டைச் சுற்றியுள்ள சுருள் கம்பி சாதாரண எஃகாக இருக்கும். ஆயிலில் அது காலத்துக்கும் இருக்கும், தண்ணீரில் துருப்பிடித்து அறுந்துவிடும். துருப்பிடிக்காத கம்பி வைத்தது வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். பூட்டும்போது சுருள் கம்பி தெரியும் பக்கம், தடுக்க வேண்டிய திரவத்தைப் பார்த்து இருக்க வேண்டும்: தண்ணீர் சீலுக்கு அது இம்பெல்லரைப் பார்க்கும், ஆயில் சீலுக்கு எஞ்சினைப் பார்க்கும், இரண்டும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கும். நடுவில் ஷாஃப்ட்டின் மீது ஒரு ரப்பர் வளையம் இருந்தாக வேண்டும். தண்ணீர் சீலைத் தாண்டி ஷாஃப்ட்டோடு ஊர்ந்து வரும் துளியை அந்த வளையம் சுழன்று வீசியெறிய, துளி கசிவுத் துளைக்குப் போகும், பேரிங்குக்குப் போகாது. இந்தப் பம்பில் அந்த வளையத்தைக் காணவே இல்லை. முன்பு பிரித்தவர் எதற்கு என்று தெரியாமல் எறிந்திருக்கலாம். எம்சீலைக் குத்தி எடுத்து, துளையில் கம்பியை விட்டுச் சுத்தம் செய்து, காற்றடித்துப் பார்த்தபின்தான் பூட்டத் தொடங்கினோம்.

முன்மூடியின் உள்முகத்தில் இம்பெல்லர் உரசி வட்ட வட்டமாகக் கோடு விழுந்திருந்தது. தகடு தட்டையாக இருந்ததால் திருப்பிப் போட்டோம். செலவில்லாமல் புது முகம். அதன் பேக்கிங்கை மட்டும் கையில் கிடைத்த தடித்த தாளில் வெட்டக் கூடாது. கால் மில்லி மீட்டர் அளவு தாள்தான் அங்கே சரி. தடித்தால் இம்பெல்லரின் பக்கத்தில் இடைவெளி கூடி, பம்பு உறிஞ்சும் திறன் குறையும். இம்பெல்லருக்குக் கிரீஸ் தடவாமல் சோப்புத் தண்ணீர் தொட்டு, இதழ்கள் சுழலும் திசைக்கேற்ப மடங்கும்படி திருகி உள்ளே விட்டோம். முதல் சில சுற்றுகள் வறண்டு ஓடாமல் இருக்க அதுவே போதும். வறண்டு ஓடினால் இந்த ரப்பர் கருகிப்போக நிமிடக் கணக்கில் நேரம் எடுக்காது.

இனி கூலன்ட். அதன் மட்டம் குறைந்ததற்குப் பம்பு காரணம் அல்ல என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் அது வேறு கதை. எஞ்சின் ஓடும்போது கூலன்ட் பக்கத்து அழுத்தம் ஆற்றுத் தண்ணீர்ப் பக்கத்தைவிட அதிகம் என்பதால், ஹீட் எக்ஸ்சேஞ்சரின் ஒரு குழாயில் ஊசித்துளை விழுந்தாலும் கூலன்ட் ஆற்றுத் தண்ணீரில் கலந்து, புகையோடு வெளியே போய்விடும். படகில் ஒரு சொட்டுக்கூட விழாது. நான் அஞ்சியது அதைத்தான். ஆற்றுத் தண்ணீர் ஹோஸ்கள் கழன்றிருந்த நிலையிலேயே, தொட்டியின் மூடிக்குப் பதிலாகக் கைப்பம்பு வைத்த பிரஷர் கேஜைப் பொருத்தி, மூடியில் எழுதியிருந்த 0.9 பார் (bar) அழுத்தம் வரை மட்டும் ஏற்றினோம். அதற்கு மேல் ஏற்றினால் இல்லாத ஒழுக்கையும் நாமே உண்டாக்கிவிடுவோம். ஹீட் எக்ஸ்சேஞ்சரின் ஆற்றுத் தண்ணீர் வாயில் ஒரு துளியும் வரவில்லை. ஆனால் முள் மெல்ல இறங்கியது. தெர்மோஸ்டாட் இருக்கும் கூட்டுக்குப் போகும் ஹோஸின் கிளிப்புக்கு அடியில் பச்சைப் பொருக்கு. அதன் ஓரத்தில் ஒரு துளி திரண்டு நின்றது. எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலையில் மட்டும் ஒழுகி, சூடேறியதும் ரப்பரும் உலோகமும் விரிந்து தானே அடைத்துக்கொள்ளும் வகை இது. ஓடும்போது எவ்வளவு தேடினாலும் கண்ணில் படாது. ஹோஸ் முனை கல்லாக இறுகியிருந்ததால் கிளிப்பை மட்டும் இறுக்காமல் ஹோஸையே மாற்றினோம்.

ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சற்று ஓட்டி, உள்ளே மிச்சமிருந்த ஈரம் அந்த ஆயிலோடு சேர்ந்ததும் அதையும் வடித்து மறுபடி புது ஆயில் ஊற்றினோம். படகுக்காரருக்கு இரண்டாவது ஆயில் செலவு பிடிக்கவில்லை. “இப்பத்தானுங்களே ஊத்துனோம்” என்றார். கிராங்க் பேரிங்கின் விலையைச் சொன்னதும் டப்பாவைத் திறந்துவிட்டார்.

சும்மா ஓடவிட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. படகைத் துறையில் இரண்டு கயிறுகளால் இறுகக் கட்டி, கியரைப் போட்டு, பாரத்தோடு அரை மணி நேரம் ஓட்டினோம். வெப்பமானி 80-ஐ ஒட்டி நின்றது. புகைக் குழாயில் தண்ணீர் விட்டுவிட்டுப் பீறியது. கசிவுத் துளைக்குக் கீழே விரித்த செய்தித்தாள் காய்ந்தே இருந்தது. தினமும் எஞ்சினை நிறுத்தியதும் அந்தத் துளையில் விரலை வைத்துப் பார்க்கும்படி மகனிடம் சொல்லியிருக்கிறேன். உறிஞ்சும் வழியில் ஆகாயத்தாமரை வேரைத் தடுக்க மட்டும் ஒரு கரடுமுரடான சல்லடை இருந்தது. அதற்குப் பின்னால், மணல் படியத் தனிக் கிண்ணம் வைத்த வடிகட்டி ஒன்றைப் போடச் சொன்னேன். நெருக்கமான வலை போட்டால் வண்டல் அடைத்துத் தண்ணீர் நின்றுபோகுமே என்று அவர் கேட்டார், நியாயமான கேள்வி. அதனால்தான் வலையைவிடக் கிண்ணம்: தண்ணீர் அதில் வேகம் குறைந்து திரும்பும்போது மணல் அடியில் தங்கிவிடும், வாரத்துக்கு ஒருமுறை திறந்து கொட்டினால் போதும். பழைய ஷாஃப்ட்டை எறியவில்லை. ஸ்லீவ் கிடைத்ததும் அதற்கு ஏற்றி, ஒரு ஜோடிச் சீலோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு எஞ்சின் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.